பதக்கம் முதல் பெருவிளக்கு வரை

ஒரு பதக்கம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அச்சிறு வட்டத்தில் ஒருவரின் முகத்தை மட்டுமன்றி, அவருடைய இயல்பையும் காட்டுதல் அரிய கலையாகும். அக்கலையில் தேர்ந்தவர் ஜெர்மானியச் சிற்பி பென்னோ எல்கன்.

அவர் 1877ஆம் ஆண்டு டோர்ட்முண்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சிற்பக்கலையின்பால் ஈர்க்கப்பட்டார். பாரிஸ், ரோம் ஆகிய நகரங்களில் தங்கித் தம் திறனை வளர்த்துக்கொண்டார். கல்லில் சிலைகளைச் செதுக்கியதோடு, வெண்கலப் பதக்கங்களையும் வடிவமைத்தார். பதக்கத்தில் உருவம் தளத்திலிருந்து சற்றே மேலெழுந்து நிற்கும். இதனைப் புடைப்புச் சிற்பம் என்பர். இதில் மிகச் சிறிய மேடுபள்ளமும் முகத்தின் தோற்றத்தை மாற்றிவிடும்.

முதல் உலகப்போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரில் எல்கன் வடித்த நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது. அதில் வாளேந்திய வீரன் இல்லை. துயரத்தில் ஆழ்ந்த ஒரு பெண்ணே இருந்தாள். போரில் பலியானோருக்கு அச்சிலையை அவர் உரித்தாக்கினார். வெற்றியைவிட இழப்பே பெரிது என்பதை அக்கல் உணர்த்தியது.

1933ஆம் ஆண்டு ஹிட்லரின் ஆட்சி தொடங்கியது. அச்சிலை அகற்றப்பட்டது. யூதர் என்பதால் எல்கனுக்கும் தொழில் செய்ய வழியில்லாமற் போயிற்று. ஐம்பது வயதைக் கடந்த நிலையில் அவர் தாய்நாட்டைத் துறந்து இங்கிலாந்தில் குடியேறினார். அங்கு மொழி புதிது, சூழல் புதிது. எனினும், கற்ற கலை அவரைக் கைவிடவில்லை. இலண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திற்காக விவிலியக் காட்சிகள் நிறைந்த இரு பெரும் வெண்கல விளக்குத்தண்டுகளை உருவாக்கினார்.

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின், 1946ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரம் அவருடைய சிலையை மீண்டும் நிறுவியது. பத்து ஆண்டுகளுக்குப் பின், இஸ்ரேல் நாடாளுமன்றத்திற்குப் பிரிட்டன் ஒரு விளக்கைப் பரிசளித்தது. ஏழு கிளைகளும் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடைய அவ்வெண்கல விளக்கைச் செய்தவர் எல்கன். அதில் 29 புடைப்புச் சிற்பங்கள் யூத மக்களின் வரலாற்றைக் கூறுகின்றன. மோசேயும் தாவீதும் அதில் உள்ளனர். வார்சா நகரில் நாஜிப் படையை எதிர்த்துப் போராடிய எளிய மக்களும் உள்ளனர். பதக்கத்தில் பழகிய கையே அப்பெருவிளக்கையும் நிறைத்தது.

எல்கன் 1960ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார். அவ்விளக்கு இன்றும் எருசலேம் நகரில், நாடாளுமன்றத்தின் எதிரே நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்
இயல்பு – குணம்
உரித்தாக்குதல் – உரிமையாக அளித்தல்
துறந்து – விட்டு நீங்கி

வினாக்கள்
1. புடைப்புச் சிற்பம் என்றால் என்ன?
2. பிராங்க்பர்ட் நினைவுச்சின்னத்தில் வீரனுக்கு மாறாக ஒரு பெண்ணை எல்கன் வடித்தது ஏன்?
3. பிறந்த ஊரை விட்டு வேற்றிடம் சென்ற ஒருவர் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடியவை எவை? ஐந்து வரிகளில் எழுதுக.