சிவாவின் இரண்டாவது சிறை

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரச் சமவெளியில் இருக்கிறது வத்தலக்குண்டு. அவ்வூரில் 1884-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சுப்பராமன் என்று பெயரிட்டனர். தமிழ்நாடு அறிந்த பெயரோ சுப்பிரமணிய சிவா. தேசத்துக்காகச் சிறை புகுந்தவரென்று அவரை நாம் போற்றுகிறோம். ஆயின், சிறைக்கதவு திறந்த பின்னரும் அவரை விடாது பற்றியிருந்த மற்றொரு விலங்கை நம்மில் பலர் நினைப்பதில்லை. அதுவே தொழுநோய்.

இளமையில் வறுமை அவரைத் திருவனந்தபுரத்துக்குத் துரத்தியது. அங்கே அன்னசத்திரத்து உணவை உண்டு கல்வி கற்றார். பின்னர் தேசபக்தப் பிரசங்கங்கள் செய்து, சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். 1908-ம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு தோள் சேர்ந்து நின்றார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றதில் அவ்விருவருடைய பேச்சுக்கும் பெரும் பங்குண்டு. மார்ச்சு 12-ந் தேதி இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்து ஆண்டு தீவாந்தர தண்டனை விதித்தார். அப்பீலில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது.

1912-ல் அவர் விடுதலை பெற்றபோது, தொழுநோய் அவருடலில் குடிகொண்டிருந்தது. சிறை அளித்த பரிசு அது என்றே அவர் காலந்தொட்டு ஜனங்கள் சொல்லி வருகின்றனர்.

இந்நோயைப் பாவத்தின் பயன் என்று நம்மவர் நெடுங்காலம் நம்பினர். இதற்குக் காரணம் ஒரு கிருமியே என்பதை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் 1873-லேயே கண்டார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி அது. உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகளும் செல்லும். மூளையைப் பெரும்பாலும் தொடாமல், கைகால்களுக்கும் முகத்துக்கும் செல்லும் நரம்புகளில் அது தங்குகிறது. முழங்கைக்குப் பின்னுள்ள நரம்பு தடித்து, விரல்கள் மடங்குகின்றன. உணர்ச்சி மரத்துப்போவதால் நெருப்புச் சுட்டாலும் முள் தைத்தாலும் தெரிவதில்லை; புண் முற்றி விரல் குறைகிறது.

இவ்வாறு நலிந்த மனிதருக்கு அந்நிய சர்க்கார் செய்த உபகாரம் யாது? தொழுநோயாளி ரயிலேறலாகாது என்று தடுத்தது. ஊர் ஊராய்ச் சென்று பேசுபவரின் வாயை அடைக்க இதைவிட எளிய வழி வேண்டுமோ? சிவா அடங்கினாரில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் தமிழ்நாட்டைச் சுற்றினார். கை நோயுற்றும் எழுத்து ஓயவில்லை. 1913-ல் அவர் தொடங்கிய ‘ஞானபாநு’ பத்திரிகையில் பாரதியாரும் எழுதினார். 1921-ல் மீண்டும் சிறை கண்டார். தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் நிறுவி, பாரதமாதா கோயில் எழுப்ப முனைந்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே, 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, நாற்பத்தோராம் வயதில், அந்த ஆசிரமத்திலேயே சிவா கண்மூடினார்.

அவர் காலத்தில் இந்நோயைத் தீர்க்க மருந்தில்லை. இன்று உண்டு. 1980-களில் வந்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். தடித்த நரம்பை ஒலியலைக் கருவியும் காந்தப் படமும் காட்டுகின்றன. ஆயினும் முதல் அடையாளத்தை அறிய யந்திரம் வேண்டுவதில்லை. வெளிறியோ சிவந்தோ தோன்றும் தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் அதுவே எச்சரிக்கை. உடனே சிகிச்சை பெற்றால் கை பிழைக்கும். கெட்டுப்போன நரம்பை மீட்பதோ அரிது.

மருந்து வந்தும் வெட்கம் போகவில்லை. தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க அந்நியர் 1898-ல் இயற்றிய சட்டம், சுதந்திரம் வந்து 69 ஆண்டுகள் சென்றபின், 2016-ல்தான் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் உரிமையை 2019-ல்தான் எடுத்தோம். 2023-ல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். உலகத் தொகையில் பாதிக்கு மேல் நம் நாட்டினர். வீட்டார் ஒதுக்குவரென்று தேமலை மறைத்து, கை மடங்கிய பின் வைத்தியரிடம் வருபவர் இன்னும் உளர்.

வருஷந்தோறும் சிவாவின் படத்துக்கு மாலை சூட்டும் தேச ஊழியர்களுக்கு ஒன்று சொல்வோம். திண்டுக்கல் சமவெளியின் கிராமங்களுக்கு நீங்கள் செல்லும்போது, உணர்ச்சியற்ற தேமலை மறைக்க வேண்டாமென்று ஜனங்களுக்கு எடுத்துரையுங்கள்; நோயுற்றவரை உங்கள் பக்கத்தில் அமர்த்தி உண்ணுங்கள். ரயிலில் இடம் மறுக்கப்பட்ட அம்மனிதருக்கு நாம் பட்ட கடன் அவ்வாறே தீரும்.