குண்டூசி குத்த செஞ்ச யானை... குழந்தைகளின் பொம்மையானது எப்படி? யார் இந்த மார்கரெட்டே ஸ்டைஃப்?

ஜெர்மனியின் கிங்கன் ஊரில் 1847-ல் பிறந்தவர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன, வலது கையையும் சரியாகத் தூக்க முடியாது. எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்பதே வீட்டாரின் கவலை.

ஆனால் அவர் விடாமல் தையல் கற்றார். 1877-ல் ஃபெல்ட் துணிக் கடையும் போட்டார். 1880 வாக்கில் அதே துணியில் குட்டி யானை தைத்து, குண்டூசி குத்தி வைக்க தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்தார். குழந்தைகளோ அதை வச்சு விளையாட ஆரம்பிச்சிட்டாங்க! அங்கேதான் திருப்பம்.

யானை விற்பனைக்கு வந்தது. 1886-க்குள் 5,000-க்கும் மேல் வித்துப்போச்சு. தம்பி மகன் ரிச்சர்ட் வடிவமைத்த கரடிக்கு, 1903 லைப்சிக் கண்காட்சியில் அமெரிக்காவிலிருந்து 3,000 ஆர்டர் கிடைத்தது. பிறகு டெடி பியர் மோகம்தான்!

1909-ல் மறைந்தபோது, நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த முதலாளி அவர்.