பால் கே. பெனடிக்ட்: சீன-திபெத்திய வேர்ச்சொல் மீட்டுருவாக்கத்தில் மரபும் கடனும்

முன்னுரை

ஒலியும் பொருளும் ஒத்த சொற்களைத் திரட்டுவதோடு மூலமொழி மீட்டுருவாக்கம் நிறைவுறுவதில்லை. மரபுவழி வந்த சொற்களையும் கடன்பெற்ற சொற்களையும் பிரித்தறிதலே அதன் அடிப்படை. சீன-திபெத்திய மொழியாய்வில் இப்பகுப்பை வலியுறுத்தியவருள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் பால் கே. பெனடிக்ட் (1912–1997).

பெர்க்லித் திட்டம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மானிடவியலாளர் குரோபர் 1930களில் சீன-திபெத்திய மொழியாய்வுத் திட்டமொன்றைத் தொடங்கினார். ராபர்ட் ஷேஃபர் வழிநடத்திய அத்திட்டத்தில் பெனடிக்ட் இணைந்தார். தாய்லாந்து மொழி அடங்கிய தை மொழிக்குழுவை ஷேஃபரின் பகுப்பு சீன-திபெத்தியக் குடும்பத்துள் கொண்டது. பெனடிக்டோ அதனை விலக்கினார்.

ஒலியிணைவே சான்று

‘மூன்று’ என்னும் எண்ணுப்பெயர் இவ்வேறுபாட்டை விளக்கும். எழுத்துத் திபெத்தியத்தில் ‘க்ஸும்’, கச்சினில் ‘மஸும்’, மிசோவில் ‘பதும்’ என அது வழங்குகிறது. ஸகரத்திற்கு நேராக மிசோவில் மூச்சொலித் தகரம் வருவது தற்செயலன்று. ‘சாதல்’ என்னும் பொருளில் கச்சினில் ‘ஸி’, மிசோவில் ‘தி’ என வருதலும் அவ்வொழுங்கையே காட்டும். தாய்லாந்து மொழியின் ‘ஸாம்’ தோற்றத்தில் நெருங்கியதாயினும் சீனத்திலிருந்து பெற்ற கடன் என்பது பெனடிக்டின் கொள்கை. தை மொழிகளைக் கடாய், இந்தோனேசிய மொழிகளோடு உறவுபடுத்தி 1942இல் அவர் கட்டுரை வெளியிட்டார்.

கைப்பிரதியும் நூலும்

திபெத்தியம், பர்மியம், கச்சின், காரோ, மிசோ ஆகிய ஐந்தையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு ஏறத்தாழ 700 திபெத்திய-பர்மிய வேர்களை அவர் மீட்டுருவாக்கினார். 1940களின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற அக்கைப்பிரதி முப்பது ஆண்டுகள் அச்சேறவில்லை; இடையில் அவர் உளநோய் மருத்துவரானார். ஜேம்ஸ் மாட்டிசாஃபின் பதிப்புத் துணையுடன் 1972இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. மூலவுரை பெரிதும் பேணப்பட்டது. பின்னைய திருத்தங்களும் பதிப்பாசிரியரின் கருத்துகளும் அடிக்குறிப்புகளாயின. ஒரு வேர் முன்மொழியப்பட்டதும் மறுபரிசீலனைக்கு உட்பட்டதும் ஒரே பக்கத்தில் நிலைபெற்றன.

முடிவுரை

1975இல் வெளிவந்த அவருடைய ஆஸ்திரோ-தாய் நூலை, சொல்லுறவு காண்பதில் நெகிழ்ச்சி மிக்கதென அறிஞர் பலர் குறைகூறினர். சீன-திபெத்தியத்தில் அவர் கைக்கொண்ட கண்டிப்பே அக்குறைபாட்டை அளக்கும் கோலாயிற்று. அவர் மீட்ட வேர்கள் பலவும் பின்னர்த் திருத்தம் பெற்றுள்ளன. எனினும், ஒத்த சொல்லை ஏற்குமுன் அது கடனோ என வினவும் நெறி அவர் பணியின் நிலைத்த பயனாகும்.