நடிகை ஷோபாவின் வாழ்க்கைச் சரிதம்

சென்னைப் பட்டணத்தினின்று வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் ஓடும் மின்சார ரயில் வண்டிகளில் அதிகாலையில் பிரயாணம் செய்வோர், சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தபடியே உறங்கிச் செல்லும் இளம்பெண்களைக் காணாதிருத்தல் இயலாது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குச் செல்வோர் அவர்களுட் பலர். இவ்வண்டிகளிலும் காணப்பெறாதவர், சுற்றுப்புறத்துச் செங்கற் சூளைகளிலேயே வாழ்ந்து உழைக்கும் பெண்கள். இத்தகையோர் முகத்தை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. அம்முகத்தைத் தமிழ்த் திரையில் நிலைநிறுத்தி, நாட்டோரை நோக்கச் செய்தவர் ஷோபா. அவருடைய சரிதத்தை நம் மாணவ நேயர்களுக்கு ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஷோபா 1962-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மகாலட்சுமி என்பது. மலையாள மரபிற் பிறந்தவர். தாயார் பிரேமாவும் மலையாளப் படங்களில் நடித்தவரே. நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபு இயக்கி 1966-இல் வெளிவந்த "தட்டுங்கள் திறக்கப்படும்" என்னும் தமிழ்ப் படத்தில் இக்குழந்தை முதன்முதல் தோன்றிற்று. அடுத்த ஆண்டு மலையாளத்தில் "உத்யோகஸ்த" வெளிவந்தபோது பேபி மகாலட்சுமி என்ற பெயர் அங்கே அறிமுகமாயிற்று. ஏனைய குழந்தைகள் மணலில் எழுத்துப் பயிலும் பருவத்தில் இக்குழந்தை விளக்கொளியின் முன் நின்று பொருளீட்டத் தொடங்கியது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்துவாராக.

நிற்க. ஷோபா கதாநாயகியாகப் புகழெய்திய காலம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றேறக்குறைய அடங்கும். 1978-இல் "எந்தெ நீலாகாசம்" என்னும் படத்திற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது அவரை அடைந்தது. அவ்வாண்டிலேயே தமிழ் மக்களும் அவரை நன்கறிந்தனர். கே. பாலசந்தரின் "நிழல் நிஜமாகிறது" படத்தில் அவர் ஏற்ற வேடம் திலகம் என்னும் வீட்டுப் பணிப்பெண்ணுடையது. உலகமறியாத அச்சிறுமியைக் கர்ப்பவதியாக்கிக் கைவிடுகிறான் அவ்வீட்டுத் தலைமகன். காது கேளாத வேலைக்காரன் ஒருவனே அவளுக்குத் துணை நிற்கிறான். பின்னர் தலைமகன் மனந்திருந்தி வந்தபோதும், அவள் தன்னைக் காத்தவனையே தெரிந்துகொள்கிறாள். தொடக்கத்தில் ஓயாது சிரிக்கும் பெண், முடிவில் ஒரு சொல்லை நிறுத்துப் பேசுபவளாக மாறுகிறாள். அம்மாற்றம் எவ்விடத்தில் நேர்ந்ததென்று சுட்டிக்காட்ட இயலாதபடி நடித்தது ஷோபாவின் திறம்.

அதே ஆண்டு மகேந்திரன் இயக்கிய "முள்ளும் மலரும்" வெளிவந்தது. மலைமேல் மின்நிலையத்தில் விஞ்ச் இயக்கும் தொழிலாளி காளி. அவன் தங்கை வள்ளி. அண்ணனுடைய பிடிவாதத்திற்கும் தன் விருப்பத்திற்கும் நடுவே நின்று துன்புறும் பெண்ணாக ஷோபா தோன்றினார். இப்படத்தில் உரையாடல் மிகக் குறைவு. ஆதலின் முகமே பேசவேண்டியதாயிற்று. அதுவும் செவ்வையாகப் பேசிற்று.

இவ்விரண்டிற்கும் மேலாக நாம் கருதுவது, துரை இயக்கி 1979-இல் வெளிவந்த "பசி". சென்னைக் குடிசைப் பகுதியில் கைவண்டி போன்றே தேய்ந்துபோன ரிக்‌ஷாத் தொழிலாளி ஒருவனுடைய மகள் குப்பம்மாள். கோணிப்பையைத் தோளிலிட்டுத் தெருத்தெருவாகக் காகிதம் பொறுக்குபவள். லாரி ஓட்டுநன் ஒருவன் வாங்கிக் கொடுக்கும் உணவும் அன்புப் பேச்சும் அவளை ஏமாற்றுகின்றன. அவனுக்கு மனைவி உண்டென்பதைப் பின்னரே அவள் அறிகிறாள். கதை புதிதன்று. ஆயின் அதுகாறும் நம் படங்களில் ஏழைப்பெண் என்றால், கிழிந்த சேலையிலும் எண்ணெய் மினுக்கும் கூந்தலோடு தோன்றுவது வழக்கம். குப்பம்மாளிடத்தில் அந்த மினுக்கு இல்லை. அவள் உண்ணும் காட்சியைக் கண்டோர், பசி என்பது வயிற்றின் துன்பம் மாத்திரமன்று, மதிப்பாரின்மையின் துன்பமுமாம் என்பதை உணர்வர். அவ்வாண்டுப் படங்களுக்குரிய தேசிய விருதுகளில் தமிழின் சிறந்த படமாகப் "பசி"யும், நாட்டின் சிறந்த நடிகையாக ஷோபாவும் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். அடுத்த ஆண்டு அதே விருது, பம்பாய்ச் சேரிவாழ்வைக் காட்டும் "சக்ரா"வில் நடித்த ஸ்மிதா பாட்டீலுக்குக் கிடைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆங்கில நாட்டிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. ஸால்ஃபோர்டு என்னும் ஆலை நகரத்திற் பிறந்த ஷீலா டெலேனி "எ டேஸ்ட் ஆப் ஹனி" என்ற நாடகத்தை எழுதினார். 1958-இல் அது அரங்கேறியபோது அவருக்கு வயது 19. கைவிடப்பட்டுக் கருவுற்ற ஏழைப் பெண்ணொருத்தியின் கதை அது. டோனி ரிச்சர்ட்ஸன் அதனை 1961-இல் படமாக்கினார். கதாநாயகியாக நடித்த ரீட்டா டஷிங்கம் 1962-இல் கான் விழாவில் பரிசு பெற்றார். எழுதியவரும் நடித்தவரும் தாங்கள் காட்டிய பெண்ணின் பருவத்தினரே. குப்பம்மாளும் ஷோபாவும் அத்தகையரே. முதிர்ந்த நடிகை இளமையை நடிக்கலாம்; இளமையின் திகைப்பை நடித்தல் அரிது.

ஆயின் இங்கே ஒரு வேற்றுமையை மறைத்தல் தகாது. உழைக்கும் சிறுமியருக்காக நம்மைக் கண்ணீர் விடச் செய்தவர் தாமும் நான்கு வயதளவில் உழைக்கத் தொடங்கிய சிறுமியே. அதனைக் கருதினார் இலர். திருவள்ளூர்ச் சூளையில் கல் சுமக்கும் பிள்ளையைக் குழந்தைத் தொழிலாளி என்கிறோம். விளக்கின் முன் நிற்கும் பிள்ளையைக் குழந்தை நட்சத்திரம் என்கிறோம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதென விதித்தனர். அத்திருத்தமும் கலைக்காட்சிகளில் நடிக்கும் சிறார்க்குச் சில நிபந்தனைகளோடு விலக்களித்தே இருக்கிறது. ஷோபாவின் காலத்தில் அந்நிபந்தனைகளும் இல்லை.

பெரியோர் சரிதங்களில் வழங்கும் அம்மையார் என்ற சொல்லை இவருக்கு இட்டெழுத நமக்கு மனம் வரவில்லை. 1980-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று ஷோபா தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. காரணம் இன்னதென்று பத்திரிகைகள் பலவாறு எழுதின. பின்னர் மலையாளத்தில் அதனைத் தழுவியதாகச் சொல்லப்படும் படமொன்றும் வந்தது. அவற்றுள் நாம் புகவேண்டுவதில்லை. வாக்குரிமையும் எய்தாத ஒரு பெண், நான்கு மொழியாளர் அறிந்த பெயரைத் தனியே சுமந்து நின்றாள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

அவர் நடித்து முடித்த வேலைகள் எஞ்சியிருந்தன. பாலு மகேந்திராவின் "மூடுபனி" 1980 நவம்பரில் திரைக்கு வந்தது. அவர் மறைந்து ஆறு திங்கள் கழிந்தபின், மக்கள் சீட்டு வாங்கி உள்ளே சென்று, அவர் சிரிப்பதைக் கண்டனர்.