மனைவி மக்களின் உரிமைக்காகப் பாடிய கவிமணி

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களைப் பள்ளியில் படிக்காதவர் நம்மில் குறைவு. உமர் கய்யாமின் பாடல்களை ஆங்கில வழியாகத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. ஆனால் தம் சொந்தச் சமூகத்தின் குடும்ப முறையைத் தட்டிக் கேட்டவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

1876 ஜூலை 27 அன்று நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பள்ளியில் மலையாளம் படித்தார். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். 1901இல் உமையம்மையை மணந்தார். ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் கற்பித்து, 1931இல் ஓய்வு பெற்றார்.

அவர் பிறந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி முறை இருந்தது. குடும்பச் சொத்தைக் காரணவர் நிர்வகிப்பார். அவருக்குப் பின் அது சகோதரியின் மக்களுக்குப் போகும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஆதரவு உண்டு. புகுந்த வீட்டிலோ, கணவன் கண்ணை மூடினால் அவளும் பிள்ளைகளும் பெரும்பாலும் நிர்க்கதிதான். மாமனும் மருமகனும் கோர்ட்டு ஏறி, நிலத்தை வழக்குக்கே தின்னக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. கேரளத்தில் கண்ணூர் போன்ற பகுதிகளின் சில முஸ்லிம் குடும்பங்களிலும் இந்த முறை இருந்ததால், இதை யாரோ பிறரின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்த அநீதியைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலாகப் பாடினார். 1917-18இல் அது ‘தமிழன்’ இதழில் வெளிவந்தது. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. படிப்பவர் சிரிப்பார்கள், சிரித்து முடிக்கும்போது தம் வீட்டுப் பெண்களின் முகம் நினைவுக்கு வரும். முறையை மாற்ற வேண்டும் என்று சமூகத்துக்குள் ஏற்கெனவே எழுந்திருந்த குரலுக்கு அந்நூல் வலுச் சேர்த்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களின் வாரிசுரிமைக்கு வழி பிறந்தது. கவிமணிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வாதாடியது பிறர் பிள்ளைகளுக்காக. 1954 செப்டம்பர் 26 அன்று மறைந்தார்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி நினைவுக்கு வருகிறார். உஹதுப் போரில் கணவர் ஷஹீதானார். சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி தம் இரு மகள்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்த பிறகே மீதி சகோதரருக்குக் கிடைத்தது.

இன்று நம் கூட்டுக் குடும்பங்கள் பிரிந்துவிட்டன. ஒரு மகன் வளைகுடாவில், ஒருவர் சென்னையில், மகள் வேறு ஊரில். வாப்பா மவுத்தான பின் எல்லோரும் ஒன்றுகூடும்போது, கல்யாணத்தில் போட்ட நகையைக் காரணம் காட்டி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இருக்கின்றன. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாளா, உறவு முறிந்துவிடுமே என்று அஞ்சிக் கையெழுத்திட்டாளா என்று யாரும் கேட்பதில்லை.

கவிமணியின் மக்கள் ஒரு புதிய சட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். நம் பெண்களின் பங்கை அல்லாஹ் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டான். அதைக் கணக்கிட்டு அவர்கள் கையில் கொடுப்பதுதான் நம் பொறுப்பு.