வளைந்த குழாய் நிமிர்ந்தபோது...

எங்கப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அங்கே கம்ப்ரஷரில் உள்ள ப்ரஷர் கேஜில் காற்றே இல்லாதபோதும் முள் 4-ல் நிற்கும். அப்பா அதைப் பொருட்படுத்த மாட்டார். காட்டுவதில் நாலைக் கழித்துக்கொள்வார். ஸ்கூட்டர் என்றாலும் லாரி என்றாலும் அதே நாலுதான்.

இங்கே லேபில் அதே மாதிரி கேஜைப் பார்த்தேன். வைவாவில் உள்ளே என்ன என்று கேட்டால் போர்டன் டியூப் என்று ஒப்பித்துவிடுவோம். அது ஒரு மனிதரின் பெயர் என்றே இரண்டாம் வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ உலோகம் என்று நினைத்திருந்தேன்!

யூஜின் போர்டன் 1808 ஏப்ரல் 8-ல் பாரிஸில் பிறந்தார். தகப்பனார் பட்டு வியாபாரி. மகனும் வியாபாரம் பார்க்கணும் என்பது வீட்டு ஆசை. இவர் மனசோ மெஷினில். 1832-ல் சொந்தமாகப் பட்டறை போட்டார். நீராவி எஞ்சின்களும், பாடம் நடத்த உதவும் சின்ன மாடல்களும் செய்தார்.

அப்போது எங்கே பார்த்தாலும் நீராவிதான். பாய்லர் வெடித்து ஆள் சாவதும் சகஜம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அறிய நம்பகமான வழி பாதரசக் குழாய். ஒரு அட்மாஸ்பியருக்கு 760 மி.மீ. என்று படித்திருக்கிறோமே, பத்து அட்மாஸ்பியருக்குக் கணக்குப் போடுங்கள். 7.6 மீட்டர்! ஓடுகிற ரயில் எஞ்சினில் அதை எங்கே நிறுத்துவது?

விடை கிடைத்தது ஒரு வேலைக் கோளாறில். நீராவி எஞ்சினுக்காகச் சுருளாக வளைத்த குழாய் ஒன்று நசுங்கிப்போனது. நம்ம ஒர்க்‌ஷாப்பாக இருந்தால் ஸ்கிராப்பில் போட்டிருப்போம். போர்டன் ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீரை அழுத்தி ஏற்றினார். நசுங்கின இடம் உருண்டு வந்தது. ஆனால் கூடவே சுருளும் மெல்லப் பிரிந்து நிமிர்ந்தது. அவர் கண் அங்கேதான் நின்றது.

தட்டையான வளைந்த குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது உருண்டையாகப் பார்க்கும். அதனால் வளைவு விரியும், அடைத்த முனை நகரும். அந்தச் சின்ன நகர்வை லிங்க், பல்சக்கரம் வைத்துப் பெரிதாக்கினால் முள் சுற்றும். பாதரசம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். 1849 ஜூன் 18-ல் பேட்டன்ட் எடுத்தார். அதே வருஷம் ஜெர்மனியில் ஷேஃபர் என்பவர் சவ்வுத் தகடு வைத்த கேஜுக்குப் பேட்டன்ட் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1851 லண்டன் பொருட்காட்சியில் போர்டனுக்குப் பதக்கம். 1852-ல் ஆஷ்கிராஃப்ட் என்பவர் அமெரிக்க உரிமையை வாங்கினார். அனிராய்டு பாரோமீட்டர் செய்த விடி என்பவர் போர்டன் மேல் வழக்குப் போட, அது வருஷக்கணக்கில் இழுத்தது. 1884 செப்டம்பர் 29-ல், 76 வயதில் போர்டன் இறந்தார். அப்போதும் ஒரு கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்துதான்.

எனக்கு ஆச்சரியம் எது தெரியுமா? அந்தச் சுருள் நிமிர்ந்து அப்படியே நின்றதால்தான் போர்டனுக்கு யோசனை பிறந்தது. கேஜுக்குள் இருக்கும் குழாயோ நிமிர்ந்துவிட்டு மறுபடி பழையபடி திரும்பணும். அளவுக்கு மீறி அழுத்தம் பட்டால், அல்லது வருஷக்கணக்காக அதிர்ந்தால், திரும்பாது. அன்றைக்கு வழி காட்டிய அதே குணம்தான் இன்றைக்குப் பொய் சொல்ல வைக்கிறது.

வேகத்துக்காக மாற்றியமைத்த கார்களில் ஆயில் ப்ரஷருக்கும் டர்போவுக்கும் தனியாக கேஜ் வாங்கி மாட்டுகிறார்கள். சிலது எலக்ட்ரானிக் சென்சார், பலது போர்டன் குழாயேதான். 100 பி.எஸ்.ஐ. கேஜில் பிழை 3 சதவீதம் என்று போட்டிருந்தால், பொதுவாக அது ஃபுல் ஸ்கேலில் 3 சதவீதம், அதாவது 3 பி.எஸ்.ஐ. ஐட்லிங்கில் முள் 10 காட்டினால் நிஜம் 7 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம். சில கேஜில் பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தும். குழாய் கெட்டுப்போனதே வெளியே தெரியாது. எங்கப்பா கேஜில் அந்த ஆணி இல்லை, அதுவரைக்கும் நேர்மை!

லீவில் அதைக் கழற்றி வந்து, சாரிடம் கேட்டு டெட் வெயிட் டெஸ்டரில் வைத்தேன். 30-க்கு 34 காட்டியது. அப்பா கணக்கு சரி! 100-க்கு 109 காட்டியது. அப்படியென்றால் லாரி டயருக்கு அவர் 104 வரை ஏற்றி 100 என்று அனுப்பியதெல்லாம் 95-க்குப் பக்கத்தில்தான்.

அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசனை. பேப்பரில் கோடு போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் காற்றடிக்க வந்த லாரிக்காரரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, புது கேஜ் என்ன விலை என்று என்னிடம் கேட்டார்.