ஜீன் ராடன்பெரி

ஜீன் ராடன்பெரி (ஆகஸ்ட் 19, 1921 – அக்டோபர் 24, 1991) ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஆவார். இவரது முழுப்பெயர் யூஜின் வெஸ்லி ராடன்பெரி. ஸ்டார் டிரெக் என்னும் அறிபுனைத் தொடரை உருவாக்கியவராக இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். அத்தொடரின் கதைமாந்தர் பெயர்கள் சிலவற்றில் இவரது நம்பிக்கைகளும் நன்றிக்கடன்களும் மறைந்துள்ளன.

வாழ்க்கைச் சுருக்கம்

டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் பிறந்த ராடன்பெரி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வளர்ந்தார். இவரது தந்தை காவல்துறையில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரின்போது இவர் பசிபிக் பகுதியில் பி-17 வகைக் குண்டுவீச்சு வானூர்திகளை ஓட்டினார். போருக்குப் பின்னர் பான் ஆம் நிறுவனத்தில் விமானியானார். 1947 ஜூன் மாதத்தில் இவர் சென்ற வானூர்தி சிரியப் பாலைவனத்தில் வீழ்ந்தபோது உயிர் தப்பியதுடன், பயணிகளை மீட்பதிலும் ஈடுபட்டார். 1949 முதல் 1956 வரை லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றினார். அக்காலத்திலேயே தொலைக்காட்சிக்குக் கதைகள் எழுதத் தொடங்கினார்.

ஸ்டார் டிரெக் தொடருக்காக இவர் எடுத்த முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. நிறுவனம் ஏற்கவில்லை. அதில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியாக ஒரு பெண் இருந்தார். அவருக்குப் பெயர் எதுவும் இல்லை. பதவியைக் குறிக்கும் எண்ணாலேயே அழைக்கப்பட்டார். இரண்டாவது மாதிரிப் படத்தில் அப்பாத்திரம் நீக்கப்பட்டது. ஸ்பாக் என்னும் பாத்திரம் மட்டும் தொடர்ந்தது. தொடர் செப்டம்பர் 8, 1966 இல் ஒளிபரப்பைத் தொடங்கி, 79 பகுதிகளுடன் 1969 இல் நிறைவுற்றது.

பெயர்களின் பின்னணி

தகவல் தொடர்பு அதிகாரியான உஹுராவின் பெயர், விடுதலை என்று பொருள்படும் உகுரு என்ற சுவாகிலி மொழிச் சொல்லிலிருந்து உருவானது. கென்யா 1963 இல் விடுதலை பெற்றிருந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. இப்பாத்திரத்தில் நடித்த நிச்செல் நிக்கோல்ஸ், நடிப்புத் தேர்வுக்கு வந்தபோது இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட புதினம் ஒன்றைக் கையில் வைத்திருந்ததாகவும், அதுவே பெயருக்கு வித்திட்டதாகவும் கூறியுள்ளார்.

கப்பலைச் செலுத்தும் சுலுவின் பெயர் பிலிப்பைன்சை ஒட்டிய சுலு கடலின் பெயராகும். ஆசிய நாடுகளுள் ஏதேனும் ஒன்றை மட்டும் சுட்டாத பெயரை ராடன்பெரி தேடினார் என்றும், கடல் எல்லாக் கரைகளையும் தொடுவதால் இதைத் தெரிந்தெடுத்தார் என்றும் நடிகர் ஜார்ஜ் டக்கேய் விளக்கியுள்ளார். ஆயினும் தொடரின் யப்பானிய மொழியாக்கத்தில் இப்பெயர் கட்டோ என மாற்றப்பட்டது.

1967 இல் ஒளிபரப்பான ஒரு பகுதியின் எதிர்நாயகனுக்கு, கதையின் முதல் வரைவில் வட ஐரோப்பியப் பெயரே இருந்தது. பின்னர் அவன் கான் நூனியன் சிங் ஆனான். நூனியன் என்பது போர்க்காலத்தில் ராடன்பெரி அறிந்திருந்த ஒருவரின் பெயராகும். அவர் தொடரைப் பார்த்துத் தம்மைத் தொடர்பு கொள்வார் என்று ராடன்பெரி நம்பினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1987 இல் தொடங்கிய மற்றொரு ஸ்டார் டிரெக் தொடரிலும் டேட்டா என்னும் இயந்திர மனிதனை உருவாக்கிய அறிவியலாளருக்கு நூனியன் சூங் என்று பெயரிடப்பட்டது.

அதே தொடரில் வரும் பார்வையற்ற அதிகாரியான ஜோர்டி லா ஃபோர்ஜின் பெயர், தசைநலிவு நோயுடன் வாழ்ந்து 1975 இல் மறைந்த இரசிகர் ஒருவரின் நினைவாக இடப்பட்டது. வெஸ்லி கிரஷர் என்னும் சிறுவனுக்கு ராடன்பெரி தமது நடுப்பெயரையே வழங்கினார்.

எனினும் எல்லாப் பெயர்களிலும் உட்பொருள் தேடுவது பொருந்தாது. ஸ்பாக் என்ற பெயர் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கைக் குறிப்பதன்று. அது தற்செயலான ஒற்றுமையே. விண்மீன் எனப் பொருள்படும் நியோட்டா என்பதை உஹுராவின் முதற்பெயராக முன்வைத்தவரும் ராடன்பெரி அல்லர். எழுத்தாளர் வில்லியம் ராட்ஸ்லர் ஆவார்.

மறைவும் நினைவும்

இரசிகர்கள் எழுதிய ஏராளமான கடிதங்களின் விளைவாக, அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு 1976 இல் தொடரில் வரும் கப்பலின் பெயரான எண்டர்பிரைசு என்பதே சூட்டப்பட்டது. அறிமுக நிகழ்வில் ராடன்பெரியும் நடிகர்களும் கலந்துகொண்டனர். ஆனால் அவ்விண்ணோடம் வளிமண்டலச் சோதனைகளுக்கு மட்டுமே பயன்பட்டது, விண்வெளிக்குச் செல்லவில்லை.

ராடன்பெரி 1991 இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரில் காலமானார். இவரது சாம்பலின் ஒரு பகுதி 1992 இல் கொலம்பியா விண்ணோடத்தில் விண்வெளிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 4659 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கும், செவ்வாய்க் கோளிலுள்ள ஒரு கிண்ணக்குழிக்கும் ராடன்பெரி என்று பெயரிடப்பட்டுள்ளது.